பாக்கி

இங்கே பின்புறம் திறந்த சின்ன வண்டிக்கு
பக்கி என்று பெயர்.
முதல் எழுத்துக்குத் துணைக்கால் போட்டால் பாக்கி.
ஞாயிறு தமிழ் வகுப்பில் அதற்குச் சிரித்து
வெளியே நின்றவன் நான்.
சவுந்தரி மூட்லியின் வெள்ளை பக்கி
என் கராஜ் வாசலுக்குப் பின்பக்கமாக வந்தபோது
அது ஞாபகம் வந்தது என்று சொன்னால் பொய்.
அப்போது என் தலையில் இருந்தது ஒன்றுதான்:
எண்பது லிட்டர்.

அவள் கேட்டது கொஞ்சம்.
டோங்காட்டில் மூன்று மணிக்குக் காய் ஏற்றி
சாட்ஸ்வர்த் சந்தை வந்து சேருவதற்குள்
இரண்டு முறை கண் சொக்குகிறதாம்.
முதுகில் யாரோ தட்டிக்கொண்டே வருவதுபோல
ஏதாவது வேண்டும்.
பன்னிரண்டு அங்குல வூஃபரை அவளே வாங்கியிருந்தாள்,
வெண்டைக்காய்ச் சாக்கில் சுற்றி.

கூட வந்த தாளில் போட்டிருந்தது:
மூடிய பெட்டி, முப்பது முதல் நாற்பது லிட்டர்.
தாளை நாலாய் மடித்து
பசை டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.
நாற்பது லிட்டர் செய்யவா
இந்தத் தெருவில் எனக்குப் பேர்?

எண்பது. முன்னால் கை நுழைகிற குழாய்.
மின்சாரம் போவதற்குள் அறுத்தேன்,
போன பிறகு இருட்டில் ஒட்டினேன்,
கறுப்புக் கம்பளம் போர்த்தி
ஒரு யானைக்குட்டியை ஏற்றுவதுபோல் ஏற்றினேன்.

அடுத்த சனிக்கிழமை வந்தாள்.
கோபமாக இல்லை; அதுதான் பயம்.
ஒரு தக்காளியைப் பெஞ்சில் வைத்தாள்,
அடி விண்டிருந்தது.
"மேல் கூடையில இருந்தது இது.
கீழ்க் கூடையை நீ பார்க்க வேண்டாம்."
விரலை மடக்கினாள்:
டபுள் பீன்ஸ் இரண்டு கூடை இந்த வாரம் ஏறவில்லை.
நம்பர் பிளேட்டின் திருகு ஹைவேயோடு போயிற்று.
"தட்டச் சொன்னேன். இது உருட்டுது."

பெட்டி பெருத்தால் சத்தம் பெருக்கும் என்று
யார் சொன்னது? நான்தான், எல்லாரிடமும்.
உள்ளே அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங்.
கூம்பு முன்னே பாய்ந்தால் இழுக்க வேண்டும்,
பின்னே வந்தால் தள்ள வேண்டும்.
இடம் மிஞ்சினால் காற்றுக்குச் சோம்பல்,
போகிறவன் போகட்டும் என்று விட்டுவிடும்.
ரொம்ப நெருக்கினாலோ
தும்மலை அடக்குகிறவன் குரலில் வரும் பாட்டு.
இதெல்லாம் எனக்குத் தெரியும்.
தெரிந்துதான் தாளை மடித்தேன்.

காலிக் கூடை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள்.
"இது நிற்கிற இடம். இதுக்கு மேல
ஒரு பீன்ஸ் நீளம் தரமாட்டேன்."

வெளியே ஐம்பது, முப்பத்தாறு, முப்பது சென்டிமீட்டர்:
ஐம்பத்துநாலு லிட்டர்.
பதினெட்டு மில்லிமீட்டர் பலகை, எல்லாச் சுவரிலும்;
மரம் மட்டுமே பதினாலைத் தின்றது.
வூஃபரின் காந்தமும் முதுகும் இரண்டரை.
குறுக்குக் கட்டைக்கு ஒன்று.
கழித்துக் கழித்துக் கடைசியில்
பென்சில் நின்ற இடம், முப்பத்தாறு.
டப்பாவை நகர்த்தித் தாளைப் பிரித்தேன்.
அவள் என்னைப் பார்க்காமல்
தக்காளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை, இன்னும் விடியவில்லை.
சந்தை மதிலோரம் நின்றேன்.
விளக்கு முதலில் வந்தது, பிறகு பக்கி.
கேட்டது என்று சொல்ல மாட்டேன்;
நெஞ்செலும்பில் ஒரு விரல்,
எண்ணி எண்ணி வைத்ததுபோல.
மேல் கூடையில் ஒரு தக்காளியும்
புரண்டு படுக்கவில்லை.
சவுந்தரிக்குக் கண் நன்றாகத் திறந்திருந்தது.
"என்ன, இங்கே?" என்றாள்.

பாதிப் பணம் தந்திருக்கிறாள்.
மீதிக்கு வாரம் ஒரு பை டபுள் பீன்ஸ்.
எத்தனை வாரம் என்று அவள் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

எண்பது லிட்டர் கராஜ் மூலையில்தான் கிடக்கிறது.
உரித்த தோலை
வூஃபர் இருந்த ஓட்டை வழியாக உள்ளே போடுகிறேன்.
இன்னும் நிறையவில்லை.